குமரிக்குப் போனால் எங்கே சாப்பிடுவது?

குடும்பத்தோடு கன்னியாகுமரிக்குக் கிளம்புகிறவர்கள் ரயில் டிக்கெட்டை 60 நாள் முன்பே எடுத்துவிடுகிறார்கள். அறையும் பேசியாகிவிடுகிறது. சாப்பாடு மட்டும் 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' கணக்கில் நின்றுவிடுகிறது. தாத்தா, பாட்டி, மகள், மருமகன், பிள்ளைகள் என்று எட்டுப் பேர் மூன்று நாள் தங்கினால் மொத்தம் ஒன்பது வேளை. அதில் எத்தனை வேளை இலை போட்டு நிதானமாகச் சாப்பிடுவது, அதை எந்த ஊரில் எந்த நேரத்தில் வைத்துக்கொள்வது என்று முன்கூட்டி யோசிக்கிற குடும்பங்கள் குறைவு. யோசிக்காததன் பலன் பிற்பகல் இரண்டரை மணிக்குத் தெரியும். படகு வரிசையில் நின்று வெயிலில் வதங்கிய கூட்டம், பஜாரில் கண்ணில் பட்ட முதல் உணவகத்துக்குள் நுழையும். மீல்ஸ் தீர்ந்திருக்கும். ஃபிரைட் ரைஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் சின்னவன் தூங்கிவிடுவான். பெரியவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கும்.

பெரிய கேளிக்கைப் பூங்காக்களில் இந்தத் தேர்வு தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 1971 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி வேர்ல்டில், கவுன்ட்டரில் வாங்கித் தின்னும் கடைகள் ஒரு வகை. மேஜையில் உட்கார்ந்து பரிமாறச் சொல்லிச் சாப்பிடும் உணவகங்கள் வேறு வகை. இரண்டாவதற்கு அங்கேயும் 60 நாள் முன்பே இடம் பதியலாம். பதிந்துவிட்டு வராமல் போனால் பல உணவகங்களில் தலைக்கு 10 டாலர் பிடித்துக்கொள்வார்கள். மிக்கி மவுஸ் மேஜைக்கே வந்து குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்ளும் உணவகங்களில், சீசன் நாளில் பதிவில்லாமல் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே அங்கே போகும் குடும்பங்கள், எந்த ராட்டினத்தில் எப்போது ஏறுவது என்பதைப் போலவே எங்கே எப்போது உட்கார்ந்து சாப்பிடுவது என்பதையும் வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு கிளம்புகின்றன.

குமரிக்கு மதிலும் இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை. ஆனாலும் அந்த ஊர் நடந்துகொள்வது ஏறக்குறைய ஒரு பூங்காவைப் போலத்தான். சூரியோதயம் ஒரு காட்சி, படகு ஒரு வரிசை, பாறை ஒன்று, சிலை ஒன்று, இரண்டையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் ஒன்று. சூரியன் மறைவதைப் பார்க்கப் போகும் பக்கத்தில் நீர்விளையாட்டும் மெழுகுச் சிலைகளுமாக 'பேவாட்ச்' என்று நிஜமான கேளிக்கைப் பூங்காவே இருக்கிறது. நிகழ்ச்சிக்கு நேரம் குறித்திருக்கிறது; கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்கிறது. மேஜைக்கு முன்பதிவு என்ற பழக்கம் மட்டும் இங்கே வேரூன்றவில்லை. அந்த வேலையைக் கடிகாரத்தை வைத்துத்தான் செய்துகொள்ள வேண்டும்.

கடிகாரம் சொல்லும் கணக்கு

படகு காலை 8 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணி வரை ஓடுகிறது. நடத்துவது தமிழக அரசின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம். பகவதி அம்மன் கோயில் நண்பகலைத் தாண்டியதும் நடை சாத்திவிட்டு மாலை 4 மணி வாக்கில்தான் திறக்கும். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலிலும் மதியம் நடை கிடையாது. தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனை காலை 9 முதல் 1 வரையும், பிறகு 2 முதல் 4.30 வரையும் திறந்திருக்கும், திங்கட்கிழமை விடுமுறை. இந்த நேரங்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் போதும், சாப்பாட்டு நேரம் தானே விழுந்துவிடும். பாறை காலையில், கோயில் மாலையில், நடுவே பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை வரை வேறெதற்கும் பெரிதாக உதவாத மூன்று மணி நேரம். நிதானமான சாப்பாட்டுக்கு ஊரே விட்டுக்கொடுத்த இடைவெளி அது.

கணக்கைக் குழப்புவது படகு வரிசைதான். விவேகானந்தர் பாறை நினைவு மண்டபம் 1970இல் திறக்கப்பட்டது. 133 அடி வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1 அன்று. இரண்டுக்கும் படகில்தான் போகவேண்டியிருந்த காலத்தில், கடல் கொஞ்சம் சீறினாலும் சிலைக்குப் படகு விடமாட்டார்கள். பாதிப் பேர் பாறையை மட்டும் பார்த்துவிட்டுப் பதினொரு மணிக்கே கரையேறிவிடுவார்கள். சிலையின் வெள்ளி விழாவையொட்டி 2024 டிசம்பர் 30 அன்று 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்ட பிறகு யாரும் சிலையை விட்டுவிட்டு வருவதில்லை. பாலத்தின் நடுவில் நின்று காலடியில் அலையைப் படம் பிடிக்காமல் நகர்கிறவர்களும் இல்லை. ஆகக் கரை திரும்பும் நேரம் ஒரு மணிக்கு மேல் தள்ளிப்போயிருக்கிறது. பாறையிலோ சிலையடியிலோ உட்கார்ந்து சாப்பிட உணவகம் கிடையாது. காலையில் வயிற்றுக்கு என்ன போட்டுக்கொண்டு போனார்களோ அதுதான்.

அதனால் குமரி முனையில் முக்கியமான வேளை காலைப் பலகாரம். சூரியோதயம் பார்த்த கூட்டம் முழுவதும் ஏழு மணிக்குக் கடற்கரையிலிருந்து கிளம்பி, குளித்துவிட்டு, ஏழரையிலிருந்து எட்டரைக்குள் ஒரே நேரத்தில் உணவகங்களில் விழும். அந்த ஒரு மணி நேரத்தில் எந்த நல்ல உணவகமும் கெட்ட உணவகம்தான். சூரியன் எழுந்த கையோடு நேரே சாப்பிடப் போய்விட்டு, குளியலைப் பிறகு வைத்துக்கொள்ளும் குடும்பம் புத்திசாலிக் குடும்பம். இட்லியோ, புட்டும் பயறும் பப்படமுமோ, ஏழு மணிக்குள் முடித்துவிட்டால் எட்டு மணிப் படகு வரிசையில் முன்னால் நிற்கலாம்.

முனையில் எதைச் சாப்பிடலாம்

கன்னியாகுமரி பஜாரில் உணவகங்களுக்குப் பஞ்சமில்லை. ஒரே தெருவில் குஜராத்தி தாலி, ராஜஸ்தானி போஜனம், வங்காளி மீன் சோறு என்று வடக்கத்திய எழுத்துகளில் பலகைகளைப் பார்க்கலாம். இமயத்திலிருந்து குமரி வரை என்ற வசனம் இங்கே உண்மையாகவே வயிற்றுப் பிரச்சினை. அத்தனை மாநிலத்தாரும் வருகிறார்கள், எல்லாருக்கும் அவரவர் சாப்பாடு வேண்டும். கார்த்திகை முதல் நாளிலிருந்து மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர் கூட்டம். அந்த இரண்டு மாதமும் ஊரே சைவச் சமையலுக்குச் சாய்ந்துவிடும்.

எல்லாருக்கும் எல்லாமும் என்று ஆனபிறகு எதுவும் தனியாக நிற்பதில்லை. மெனுவில் பனீர் பட்டர் மசாலாவும் சாம்பார் வடையும் சிக்கன் மஞ்சூரியனும் அடுத்தடுத்து இருந்தால், அங்கே சமையலறையில் பாதி விஷயங்கள் ஃபிரிட்ஜிலிருந்து வருகின்றன என்று பொருள். முனை உணவகங்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு தடவை வந்து மறுபடி வராத கூட்டத்தை நம்பிப் பிழைக்கும் எந்த ஊரின் கடைத்தெருவும் இப்படித்தான் ஆகும். திரும்பி வரப்போகிற வாடிக்கையாளனுக்குப் பயப்படும் உணவகம்தான் நன்றாகச் சமைக்கும்.

அப்படியும் முனையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டிய வேளைகள் உண்டு. மாலையில் சூரியன் மறைந்தபிறகு எட்டுப் பேரையும் வேனில் ஏற்றி இன்னோர் ஊருக்குச் சாப்பிட அழைத்துப்போவது வீண் வேலை. தோசை, சப்பாத்தி, இடியப்பம் போன்றவற்றுக்குப் பஜாரே போதும். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு கடலையொட்டி இருக்கிறது. அரசு விடுதிகளுக்கே உரிய நிதானம் அங்கும் உண்டு என்பதால், பசி முற்றுவதற்கு முன்பே போய் உட்கார்வது நல்லது. ஏக்நாத் ரானடே 1972இல் தொடங்கிய விவேகானந்த கேந்திரத்தின் வளாகம் ஊருக்குச் சற்று வெளியே விவேகானந்தபுரத்தில் இருக்கிறது. அங்கே தங்குகிறவர்களுக்கு உள்ளேயே எளிய சைவச் சாப்பாடு கிடைக்கும். ருசிக்காகத் தேடிப்போகிற இடமில்லை. ஆனால் இரைச்சலில்லை; குழந்தைகள் ஓடியாடலாம்; வயதானவர்களுக்கு அது பெரிய விஷயம்.

வேன் ஓட்டுநர் தானாகவே ஒரு உணவகத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தினால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். ஆள் கூட்டி வரும் ஓட்டுநருக்குச் சாப்பாடு இலவசம் என்பது நெடுஞ்சாலை உணவகங்களின் பழைய வழக்கம். அதே ஓட்டுநரிடம், 'நீங்கள் காசு கொடுத்துச் சாப்பிடுவது எங்கே?' என்று கேட்டால் வேறொரு கடை பெயர் வரும். அங்கே போகலாம்.

நாகர்கோவில் இலை

மதியச் சாப்பாட்டை முனையில் வைத்துக்கொள்ளாமல் நாகர்கோவிலில் வைத்துக்கொள்வதுதான் இந்த மாவட்டத்தில் குடும்பம் எடுக்கக்கூடிய நல்ல முடிவு. தூரம் 20 கிலோமீட்டர்தான், வழியில்தான் சுசீந்திரம். வடசேரி, கோட்டாறு, மணிமேடை, செட்டிகுளம் என்று ஊர் நெடுக நடுத்தரச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. அவற்றில் மதியம் உட்கார்ந்திருப்பவர்கள் கோர்ட்டுக்கு வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வந்தவர்கள், ஜவுளி எடுக்க வந்த கிராமத்துக் குடும்பங்கள். அடுத்த வாரமும் வரப்போகிறவர்கள்.

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தது. ஆட்சி மாறியது, அடுக்களை மாறவில்லை. மதுரைக்கு வடக்கேயிருந்து வருகிறவர்களுக்கு இலையில் விழும் பாதிக் கறிகள் புதிதாக இருக்கும். இலையின் மேல் ஓரத்தில் இடமிருந்து வலமாக உப்பு, ஏத்தங்காய் உப்பேரி, சர்க்கரைவரட்டி, இஞ்சிக்கறி, நார்த்தங்காய் ஊறுகாய், பச்சடி, கிச்சடி, துவரன், அவியல், எரிசேரி என்று சிறிது சிறிதாக வைத்துக்கொண்டே போவார்கள். இவை முழுதும் கல்யாணப் பந்தியில் வருபவை. சாதாரண நாளில் கடை மீல்ஸில் அவியல், துவரன், ஒரு பச்சடி, பப்படம் நிச்சயம். மற்றவை கடையைப் பொறுத்தது. அவியல் கடையின் தராதரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். காய்கள் குழையாமல் விரல் நீளத்துக்கு நிற்கவேண்டும். தேங்காய் அரைப்பு காய்களைப் பூசியிருக்கவேண்டுமே தவிரக் குழம்பாகத் தேங்கக்கூடாது. மேலே பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் மணக்கவேண்டும். அவியல் தண்ணீர் விட்டுக்கொண்டு ஓடினால் அந்தக் கடையில் மறுநாள் சாப்பிட வேண்டாம்.

சோறு வைக்கும் முன் சப்ளையர் 'சம்பாவா, வெள்ளையா?' என்று கேட்பார். சம்பா என்பது இங்கே தடித்த புழுங்கல் சிவப்பரிசி. முதல் தடவை சாப்பிடுகிறவர்களுக்கு அது வேகாதது போலத் தோன்றும். மென்று தின்னவேண்டிய சோறு அது. குழந்தைகளுக்கு வெள்ளைச் சோறே சரி. சோற்றின் மேல் முதலில் கட்டிப் பருப்பும் நெய்யும். அதில் பப்படத்தை நொறுக்கிப் பிசைவார்கள். அதன் பிறகுதான் சாம்பார், புளிசேரி, ரசம். பாயசத்தோடு சாப்பாடு முடிந்தது என்று இலையை மடித்துவிடக்கூடாது. பாயசத்துக்குப் பிறகும் மோர்ச் சோறு உண்டு. பந்திகளில் பால்பாயசத்தோடு போளி வைக்கும் வழக்கம் திருவனந்தபுரத்திலும் இங்கேயும்தான். போளியைப் பிய்த்துப் போட்டுப் பாயசத்தை ஊற்றிப் பிசைந்து வாயில் போடுகிறவர்களைப் பார்த்து வெளியூர்ச் சர்க்கரை நோயாளிகள் பெருமூச்சு விடுவார்கள்.

குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு இந்தச் சமையல் ஒரு விதத்தில் வசதி. தேங்காய் நிறைய, மிளகாய் கம்மி. பருப்பு நெய்ச் சோறு, புளிசேரி, பப்படம், உப்பேரி, ஒரு மட்டிப்பழம் என்று எந்தப் பிள்ளையும் அழாமல் சாப்பிட்டு முடிக்கும். விரல் நீளத்துக்கு, தேன் மணத்தோடு இருக்கும் இந்த மட்டிப்பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வசதியில்லாத ஒன்றும் உண்டு: எண்ணெய். மாவட்டத்தில் பெரும்பாலும் தேங்காயெண்ணெய்ச் சமையல். பழக்கமில்லாத பெரியவர்களுக்கு முதல் நாள் அந்த மணமே திகட்டும். உட்காரும்போதே 'என்ன எண்ணெய்?' என்று கேட்டுவிட்டால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

எழுத்தாளர் நாஞ்சில் நாடன் இந்தச் சமையலைப் பற்றியே 'நாஞ்சில் நாட்டு உணவு' என்று ஒரு நூல் எழுதியிருக்கிறார். அந்தப் பெயர்களை மனதில் வைத்துக்கொண்டு ஹோட்டலுக்குப் போனால் ஏமாற்றம்தான். உள்ளித் தீயல், மீன் புளிமுளம், முந்திரிக்கொத்து எல்லாம் இன்னும் வீட்டுச் சமையலாகவே இருக்கின்றன. தீயலுக்குத் தேங்காயைக் கருகாமல் காப்பிப்பொடி நிறத்துக்கு வறுத்து அரைக்கவேண்டும். நூறு பேருக்குச் சமைக்கும் மாஸ்டருக்கு அதற்குப் பொறுமை இருப்பதில்லை. தீயல் கிடைக்கும் கடை கண்ணில் பட்டால் விடக்கூடாது. சாயங்காலம் ரசவடை எல்லா இடத்திலும் கிடைக்கும். அதற்கு மேஜை தேவையில்லை.

எந்தக் கடையானாலும் போகும் நேரம் பன்னிரண்டே காலிலிருந்து பன்னிரண்டே முக்காலுக்குள். முதல் ஈடு சோறு சூடாக இருக்கும். எட்டுப் பேருக்கும் ஒட்டி இடம் கிடைக்கும். ஒன்றரைக்குப் போனால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் முதுகுக்குப் பின்னால், அவர் மோருக்கு வந்துவிட்டாரா என்று பார்த்துக்கொண்டே நிற்கவேண்டும். இது தமிழ்நாட்டின் மேஜை முன்பதிவு முறை. நிற்பவருக்கும் சங்கடம், சாப்பிடுகிறவருக்கும் சங்கடம். பாறைக்குப் போகிற நாளில் இந்த நேரத்தைப் பிடிப்பது கடினம் என்பதால், அன்று முனையிலேயே எளிதாக முடித்துக்கொண்டு, இலைச்சாப்பாட்டை மறுநாளுக்கு ஒதுக்குவது நடைமுறைக்கு ஒத்துவரும். ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் கடைவீதி பெரும்பாலும் அடைத்திருக்கும். சிறிய சாப்பாட்டுக் கடைகளும் அன்று திறக்காமல் போவதுண்டு.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு

குமரியில் மீனை வைத்து முடிவெடுக்கும் குடும்பம் காலண்டரையும் பார்க்கவேண்டும். விசைப்படகுகளுக்கு ஆண்டுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. இந்தச் சிறிய மாவட்டத்துக்கு இரண்டு கடற்கரை என்பதால் தடையும் இரண்டு. கிழக்கே சின்னமுட்டம் துறைமுகத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கே முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் மாத முதல் பாதியில் இரண்டும் மூடியிருக்கும். கோடை விடுமுறைக் கூட்டம் அலைமோதும் மே மாதத்தில், சின்னமுட்டத்து விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, முனை உணவகங்களில் பெரிய மீன் தட்டுத் தட்டாக வருகிறதென்றால் அது மேற்குக் கரையிலிருந்தோ ஐஸ் பெட்டியிலிருந்தோ வருகிறது. வள்ளங்களுக்கும் கட்டுமரங்களுக்கும் தடையில்லை. ஆகவே அந்த மாதங்களில் சாளை, நெத்திலி, அயலை போன்ற சின்ன மீன்களைக் கேட்பதே அறிவு. விலையும் குறைவு, ருசியும் கூடுதல். அரைத்த தேங்காயும் மாங்காயும் போட்ட நெத்திலி அவியல் கிடைத்தால், வஞ்சிர வறுவலைத் தேடிப் போகிறவர்களைப் பார்த்துப் பரிதாபப்படலாம். வஞ்சிரத்துக்கு இங்கே பெயர் நெய்மீன்; சென்னைக்காரர்கள் அது வேறேதோ மீன் என்று விட்டுவிடுகிறார்கள்.

மீன் சாப்பாட்டு விலையில் குழம்பு சேர்த்தி. பொரித்த மீன் தனி. துண்டின் அளவுக்கேற்ப விலை ஏறும். தட்டில் வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்து காட்டுவார்கள், குழந்தை கைநீட்டிவிடும். கைநீட்டும் முன் விலையைக் கேட்டுக்கொண்டால், பில் வரும்போது மாமனாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்காது. மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும் இந்த மண்ணின் நிஜமான உழைப்பாளிச் சாப்பாடு. அதற்குப் பெரிய உணவகம் வேண்டாம். முட்டம், குளச்சல் சாலையோரத்துச் சிறிய கடைகளே போதும். உட்கார்ந்து சாப்பிட பெஞ்சு இருக்கும். கழிப்பறை இருக்காது, பெண்களும் முதியவர்களும் உள்ள குடும்பம் அதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

ஆயிரம் பேர் பந்தி

மேற்கே போகிற நாளுக்குப் பத்மநாபபுரம் அரண்மனைதான் அச்சு. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த ஊர். மாவட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தபிறகும் அரண்மனையைக் கேரள அரசுதான் பராமரிக்கிறது. உள்ளே சுற்றிவரும்போது ஊட்டுப்புரை என்ற இரண்டு தள அன்னசாலை வரும். தூண் வரிசைக்கு நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீண்டு கிடக்கும் வெறுங்கூடம். ஒவ்வொரு தளத்திலும் ஆயிரம் பேர் வரை உட்கார்ந்து சாப்பிடலாம் என்கிறார்கள். ஊறுகாய் போட்டு வைக்கும் ஆள் உயரச் சீனத்துப் பரணிகள் இன்னும் இருக்கின்றன. பசியோடு வந்த குழந்தைகளுக்கு அந்த இடத்தைக் காட்டுவதில் ஒரு குரூரம் இருக்கிறது.

திருவிதாங்கூர் அரசு கோயில் ஊர்களிலெல்லாம் இப்படி ஊட்டுப்புரைகளை நடத்தியது. இலவசச் சாப்பாடு, ஆனால் பெரும்பாலும் பிராமணர்களுக்கு. பின்னால் வந்த காப்பி கிளப்புகளிலும் யார் எந்த அறையில் உட்காரலாம் என்ற பாகுபாடு நெடுங்காலம் நீடித்தது. சென்னை மாகாண ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளில் பிராமணர்–பிராமணரல்லாதார் பலகைகள் அகன்றது 1941இல்தான். உணவகத்தில் சாதி, மத வேறுபாடின்றி எவரும் நுழையலாம் என்பதை 1950இல் அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு அடிப்படை உரிமையாக்கியது. இன்றைக்கு எந்தக் குடும்பமும் எந்த மேஜையிலும் உட்கார்ந்து மெனுவைக் குறை சொல்லலாம் என்பது அவ்வளவு பழைய சங்கதி அல்ல.

அரண்மனை ஒரு மணிக்கு உணவு இடைவேளை விடுகிறது. காலை பத்துக்கு உள்ளே போனால் நிதானமாகப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டரைக்குத் தக்கலையில் சாப்பிட உட்காரலாம். ஒன்றே காலுக்கு வந்து சேர்கிற குடும்பம் வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அப்படி ஆகிவிட்டால் முதலில் தக்கலைக்குத் திரும்பிச் சாப்பாட்டை முடித்துவிட்டு வருவதே மேல். தக்கலையைத் தாண்டினால் சமையலில் மலையாள வாடை கூடும்: ஆப்பமும் முட்டைக்கறியும், புட்டும் கடலையும், சீரகம் போட்டுக் காய்ச்சிய வெந்நீர். மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் அசைவக் கடைப் பலகைகளில் பீஃப் சாதாரணமாக எழுதியிருக்கும். சாப்பிடுகிறவர்களுக்கு அது விருந்து. சாப்பிடாதவர்கள் பலகையைப் படித்துவிட்டு நுழைவது நல்லது. மார்த்தாண்டத்தில் சாப்பிட நினைக்கிறவர்கள் மேம்பாலத்தில் ஏறிவிடக்கூடாது. கடைவீதி முழுவதும் பாலத்துக்குக் கீழே இருக்கிறது. ஏறினால் ஊரைத் தாண்டித்தான் இறங்க முடியும்.

திற்பரப்பு அருவிக்குப் போகிற நாளில் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் குளியல், பிறகு சாப்பாடு. அருவியில் நின்று வந்தபிறகு எடுக்கும் பசிக்கு முன்னால் எந்த உணவகமும் ஐந்து நட்சத்திரம்தான். அந்தப் பசியில் கடை தேடி அலையவும் முடியாது. காலையில் அறையிலிருந்தே புளியோதரையும் துவையலும் கட்டிக்கொண்டு போகிறவர்கள் இங்கே ஜெயித்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டுக் கேளிக்கைப் பூங்காக்கள் பலவற்றில் வாசலிலேயே பையைத் துழாவி வெளிச்சாப்பாட்டை வாங்கி வைத்துவிடுவார்கள். அருவிக்கரையில் அந்தத் தொல்லை இல்லை.

பில் வந்தபிறகு

சாதாரண உணவகத்தில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். சேவைக் கட்டணம் என்று தனியாகச் சேர்த்திருந்தால் அதைக் கொடுக்கவேண்டிய கட்டாயமில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே இதைச் சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லியும் எடுக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் பில்லிலும் கடைச் சுவரிலும் இருக்கவேண்டும். சுவரில் இருக்கிறதா என்று பார்ப்பதோடு கை கழுவுமிடத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம். உரிமத்தைவிட அது கூடுதலாகப் பேசும்.

குடும்பங்கள் மோதிக்கொள்ளும் இன்னோர் இடம், அளவுச் சாப்பாடா முழுச் சாப்பாடா என்பது. முழுச் சாப்பாட்டில் வேண்டுமளவு கேட்டு வாங்கலாம், ஆனால் ஒரு இலையை இருவர் பங்குபோடக் கூடாது என்பது பொது விதி. ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தனி இலை போட்டு முழு விலை கொடுப்பதா என்ற பஞ்சாயத்தை உட்காரும் முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். பல கடைகளில் சின்னப் பிள்ளைக்குத் தட்டில் கொஞ்சம் சோறு வைத்துத் தருவார்கள், கேட்டால்தான் தெரியும்.

பண்டிகை நாட்கள் இந்தக் கணக்கு எல்லாவற்றையும் கலைத்துப்போடும். கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3இல் முடியும்; மாசியில் மண்டைக்காட்டுக் கொடை; மார்கழியில் சுசீந்திரம் தேர். அந்த நாட்களில் அந்தந்த ஊர்ப் பக்கம் மேஜை தேடுவது வீண். ஓணம் மட்டும் விதிவிலக்கு. அன்று மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. நாகர்கோவிலிலிருந்து மேற்கே நல்ல உணவகங்களில் முழு ஓண சத்யா இலை போடுவார்கள். கல்யாண வீட்டுக்கு வெளியே அத்தனை கறியும் பிரதமனும் ஒரே இலையில் விழுவது அன்றைக்குத்தான். திருவோணத்தன்று குமரியில் இருக்க நேர்கிற குடும்பங்கள் இரண்டு நாள் முன்பே போன் செய்து தலைக்கணக்கைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் போனால் பிற்பகல் இரண்டு மணிக்குப் பார்சல்கூட மிஞ்சாது.